மேப்பிள் காய்ச்சும் மாதத்தில் மாண்ட்ரியல்

வியாழன்

மார்ச் கடைசி வாரத்தில் மாண்ட்ரியலுக்கு யாரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை என்று அக்கா தொலைபேசியிலேயே எச்சரித்திருந்தாள். வந்து பார்த்தால் உண்மைதான். வழுக்காமல் இருக்கத் தூவிய மணலும் உப்பும் கலந்து, நடைபாதை ஓரத்துப் பனியெல்லாம் கரிய மேடுகளாகக் கிடக்கிறது. மரங்களில் ஓர் இலை இல்லை. வெயில் அடிக்கிறது, சுடவில்லை. ஆனால் நான் ஊர் பார்க்க வரவில்லை, கனடா உணவு எது என்று தேடிச் சாப்பிட வந்திருக்கிறேன். அதற்கு இந்த மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது. காரணத்தைச் சனிக்கிழமை எழுதுகிறேன்.

இரவு பகல் குழம்பிப்போன உடம்பு விடியுமுன்பே எழுப்பிவிட்டது. வேலைக்குக் கிளம்பிய அத்தான், போகிற வழியில் மைல் எண்ட் பகுதியில் இறக்கிவிட்டார். செங்கல் வீடுகள், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு, வீட்டுக்கு வெளியே. வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊரில் படிக்கட்டை வெளியே வைக்கத் தோன்றியவரைச் சந்திக்க ஆசை.

இங்கே பேகல் என்ற வளைய ரொட்டி என்றால் இரண்டு கட்சி. செயிண்ட் வியாட்டர் கடை 1957இல் தொடங்கியது. போலந்தில் பிறந்து, நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் உயிர் பிழைத்து வந்த மேயர் லெவ்கோவிச் என்பவர் ஆரம்பித்தது. ஃபேர்மவுண்ட் கடைக்காரர்களின் கணக்கு 1919இல் தொடங்குகிறது. இன்றைய இடத்துக்கு வந்தது 1949இல். இரண்டுக்கும் இடையே நடக்கிற தூரம்தான். ஒரு வீட்டில் கணவன் இந்தக் கட்சி, மனைவி அந்தக் கட்சி என்று இருப்பார்கள் என்றாள் அக்கா. 2008இல் விண்வெளி நிலையத்துக்குப் போன கிரெகரி சாமிட்டாஃப் கையோடு 18 எள்ளுப் பேகல்களை எடுத்துக்கொண்டு போனார். அவர் மாண்ட்ரியலில் பிறந்தவர், போனவை ஃபேர்மவுண்ட் பேகல்கள். அந்தக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை.

நான் நின்று பார்த்த கடையின் பெயரைச் சொன்னால் கட்சி சேர்ந்ததாகிவிடும். உள்ளே நுழைந்ததும் விறகுப் புகை. மேசை மேல் மாவு ஒரு பெரிய மேடாகக் கிடக்கிறது. உருட்டுகிறவர் கத்தியால் ஒரு கீற்றை வெட்டி, நீளமாக உருட்டி, உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, இரு முனையும் சேர்கிற இடத்தை மேசையில் ஒரு அழுத்து அழுத்துகிறார், வளையம் தயார். கண் இமைக்கும் நேரம்தான். வளையங்கள் தேன் கலந்த கொதிநீரில் விழுந்து எழுகின்றன. பிறகு எள்ளில் புரண்டு, ஒல்லியான நீண்ட பலகையில் வரிசையாக அடுப்புக்குள் போகின்றன. வெந்ததும் அதே பலகை உள்ளே போய், ஒரு வரிசையை அள்ளி, மணிக்கட்டின் ஒரே வெட்டில் சரிவான தொட்டியில் கொட்டுகிறது. சரசரவென்று எள் உதிரும் அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுப்பருகே நின்றவர் என் பையில் இருந்த தமிழ் வார இதழைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர், தங்கச்சி?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சி என்றேன். நெடுங்காலமாக இதே வேலையாம். "இதில் உப்பு இல்லை, கவனித்தீர்களா?" என்று கேட்டு, சூடாக ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார். உண்மையிலேயே உப்பு இல்லை. நியூயார்க் பேகல் பெரிதாக உப்பிக்கொண்டு, உப்போடு இருக்கும். இது மெலிந்தது, ஓட்டை பெரியது, தேனின் இனிப்பு பல்லுக்குப் பின்னால் மெல்ல வருகிறது. மேல்தோல் முறுமுறு, உள்ளே இழுவை. பாலாடை எதுவும் தடவாமல் தெருவில் நடந்தபடியே தின்று முடித்தேன்.

போலந்து யூதர் தொடங்கிய கடை, அங்கே பையனாக வேலைக்குச் சேர்ந்த இத்தாலியக் குடும்பத்து ஒருவரின் கைக்குப் பின்னாளில் வந்தது. தெருவில் இன்னொரு கடையில் யாழ்ப்பாணத்துக் கை மாவு உருட்டுகிறது. வாங்கித் தின்கிறவர்கள் பிரெஞ்சு பேசுகிறார்கள். கனடா உணவு எது என்று தேடி வந்தவளுக்கு முதல் காலையே இப்படிப் பதில்.

மதியம் அதே ஃபேர்மவுண்ட் தெருவில் விலென்ஸ்கி. 1932இலிருந்து இருக்கிறது. பெயர்தான் உணவகம், ஒரு கவுண்டர், சில முக்காலிகள், அவ்வளவே. ஸ்பெஷல் என்று ஒரே சாண்ட்விச்: மாட்டிறைச்சி சலாமியும் போலோனியும் வட்ட ரொட்டிக்குள் வைத்து அழுத்திச் சுட்டது. கடுகுப் பசை கண்டிப்பாக உண்டு. பாதியாக வெட்டித் தர மாட்டார்கள். கேட்டுப் பார்க்கலாம் என்று வாய் துறுதுறுத்தது. பக்கத்து முக்காலிக் கிழவர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். ருசி சுமார்தான். ஆனால் தட்டில்லாமல் காகிதக் கைக்குட்டை மேல் வைத்து நீட்டுகிற அந்த அலட்சியம் பிடித்திருந்தது.

வெள்ளி

அக்கா மகனுக்குப் பள்ளி விட்டதும் அவனோடு பூட்டின் என்ற உருளைக்கிழங்குப் பண்டம் சாப்பிடப் போனோம். "பூட்டின் இல்லை சித்தி, புட்ஸின்" என்று பஸ்ஸில் ஏறுமுன்பே பாடம் தொடங்கியது. மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். 1977இல் வந்த சட்டம். பையனுக்குக் கனவே பிரெஞ்சில்தான் வருகிறதாம்.

"கனடாவின் தேசிய உணவு இதுதானே?" என்று வேண்டுமென்றே கிளறினேன்.

"கியூபெக்கின் உணவு. கனடாக்காரர்கள் ரொம்ப நாள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது எங்களுடையது என்கிறார்கள்."

பதினான்கு வயதில் இவ்வளவு கோபம் உருளைக்கிழங்கின் பேரில் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது கியூபெக்கின் நாட்டுப்புறத்தில், பால் பண்ணைகளும் சீஸ் ஆலைகளும் உள்ள சிற்றூர்களில், சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் பிறந்தது. வார்விக் என்ற ஊர்க்காரர்கள் 1957இல் எங்கள் கடையில் என்கிறார்கள். டிரம்மண்ட்வில்காரர்கள் சாஸையும் சேர்த்து முழு வடிவத்தில் 1964இல் எங்கள் கடையில்தான் என்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பாரம்பரிய உணவு என்று எல்லோரும் சொல்லும் பண்டம் என் அப்பாவை விட வயதில் சிறியது.

ராஷெல் தெருவில், லாஃபோன்டைன் பூங்காவுக்கு அருகே உள்ள லா பான்கீஸில் உட்கார்ந்தோம். 1968இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கிய இடம். இன்று 30க்கும் மேற்பட்ட வகைப் பூட்டின். முதல் தடவை சாதாரணமானதுதான் சாப்பிட வேண்டும் என்று பையன் உத்தரவு போட்டான். கீழே பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் உறை பிரிந்த புதுச் சீஸ் கட்டிகள், அதன்மேல் மிளகு தூக்கலான பழுப்புச் சாஸ்.

சீஸ் கட்டியைக் கடித்ததும் பல்லில் உரசிக் கீச்சென்றது. அதுதான் பரீட்சை. புதிதாக உறைந்த பால் புரதம் கட்டுக்கோப்பாக இருக்கும்வரை இந்தச் சத்தம் வரும். ஓரிரு நாள் கடந்தால், குளிர்பெட்டியில் வைத்தால், ஊமையாகிவிடும். அதனால்தான் சீஸ் ஆலை பக்கத்தில் இல்லாத ஊரில் நல்ல பூட்டின் கிடையாது. சாஸின் சூடும் முக்கியம்: சீஸ் ஓரம் இளக வேண்டும், உருகி ஓடக் கூடாது. பையன் முள்கரண்டியால் ஒரு கட்டியைத் தூக்கி, அது இழுக்கும் நூலின் நீளத்தைக் கண்ணால் அளந்து, "சரி" என்று தலையசைத்த பிறகுதான் நான் தொட அனுமதி.

முதல் பாதி அற்புதம். பிறகு கிழங்கு ஊறி, சாஸ் ஆறி, எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. வேகமாகச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கான உணவு. பேச உட்கார்ந்தால் தோற்றோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இருக்கும்போது இந்தக் கொழுப்பு உடம்புக்கு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஏப்ரல் வெயிலில் திருச்சியில் இதை நினைத்தாலே வயிறு கனக்கும்.

திரும்பும் வழியில் செயிண்ட் லாரன்ட் சாலையில், 1912ஆம் ஆண்டுக் கடையில் ஆவியில் வெந்த ஹாட்டாக். முட்டைக்கோஸ், வெங்காயம், கடுகு. சாப்பிட்டேன் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

சனி

இரவில் நீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இருக்கும் சில வாரங்களில் மட்டும் மேப்பிள் மரத்தின் நீர் மேலே ஏறி இறங்கும். மரத்தில் துளையிட்டால் சொட்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மொட்டு விரியத் தொடங்கினால் நீரின் ருசி கெட்டுப்போகும், கதை முடிந்தது. இதற்காகத்தான் இந்த அழுக்குப் பனி மாதத்தில் வந்தேன்.

நகரத்திலிருந்து தென்கிழக்கே மோன் செயிண்ட் கிரிகோர் பக்கம் போனோம். கபான் என்று சொல்லப்படும் சர்க்கரைக் குடில்கள் அங்கே நிறைய. காட்டுக்குள் நுழைந்ததும் வாளி தொங்கும் மரங்களை எதிர்பார்த்தேன். வாளிகள் முகப்பில் சிலவற்றுக்கு மட்டும், படம் எடுப்பவர்களுக்காக. உள்ளே மரத்துக்கு மரம் நீல நிறப் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. காடு முழுக்கக் கொடிக்கயிறு கட்டியிருக்கிறது. பம்பு உறிஞ்சி, எல்லாம் ஒரே தொட்டிக்கு வந்து சேர்கிறது. நாற்பது வயதாவது ஆகாத மரத்தில் துளை போட மாட்டார்கள்.

சொட்டும் நீரை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன். தண்ணீர்தான். கூர்ந்து கவனித்தால் கடைசியில் ஒரு இனிப்பு நிழல். அதில் இருக்கும் சர்க்கரை சுமார் 2 சதவீதம். ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. தூத்துக்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கொட்டகை புதிதல்ல: அதே வெள்ளை ஆவி, அதே நுரை, அடங்க மறுக்கும் கொதி, பதம் தப்பிவிடுமோ என்று கண்ணெடுக்காத ஆள். என்ன, இங்கே பாத்திரத்தில் வெப்பமானி செருகியிருக்கிறது. தண்ணீர் கொதிப்பதைவிட 4 டிகிரி மேலே போனால் பாகு. இன்னும் ஏற்றினால் மிட்டாய்ப் பதம். பருவத் தொடக்கப் பாகு பொன்னிறம். போகப் போகக் கறுத்து, ருசி கனக்கிறது. கடைக்காரர்கள் பொன்னிறத்தை உயர்த்திப் பேசுகிறார்கள். எனக்குக் கறுத்ததுதான் பிடித்தது. அதில் மரம் இருக்கிறது, புகை இருக்கிறது.

உலகத்து மேப்பிள் பாகில் 70 சதவீதத்துக்கும் மேல் கியூபெக்கில் உற்பத்தியாகிறது. விலை சரியாமலிருக்க உற்பத்தியாளர்கள் பீப்பாய் பீப்பாயாகச் சேமித்து வைக்கிறார்கள். அந்தச் சேமிப்பில் 2011க்கும் 2012க்கும் இடையே கை வைத்து, சுமார் 3,000 டன்னைத் திருடியிருக்கிறார்கள். மதிப்பு சுமார் 1 கோடியே 87 லட்சம் கனடிய டாலர். சில பீப்பாய்களில் பாகை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தார்களாம். அத்தான் இதை ஒரு சாகசக் கதையாக, கொஞ்சம் பெருமையுடன்தான் சொன்னார்.

சாப்பாடு நீள மர மேசையில், முன்பின் தெரியாதவர்களோடு. மஞ்சள் பட்டாணி சூப், பன்றிக் கொழுப்போடு மணிக்கணக்கில் அடுப்பில் வெந்த பீன்ஸ், ஹாம், உப்பி எழுந்த ஆம்லெட், கிரெத்தோன் என்ற பன்றி இறைச்சிப் பசை, மொறுமொறுவென்று சுருண்ட உப்புக் கொழுப்புத் துண்டுகள். மரம் வெட்டப் போனவர்கள் குளிர்கால முகாமில் சாப்பிட்ட சாப்பாடு. அவர்கள் நாள் முழுக்கக் கோடரி பிடித்தார்கள், நாங்கள் காரில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். மேசை நடுவே ஒரு குடுவைப் பாகு. எல்லாவற்றின் மேலும் ஊற்றுகிறார்கள். முட்டை மேல், ஹாம் மேல், பீன்ஸ் மேல்கூட. முதலில் முகம் சுளித்தேன். உப்புக் கொழுப்பின் மேல் பாகு விழுந்து ஒரு கடி கடித்ததும் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஒலிபெருக்கியில் ஃபிடில் இசைதான் காதைக் கிழித்தது. மூன்று மேசை தள்ளி ஒரு பாட்டி இரண்டு மரக் கரண்டிகளைத் தொடையில் தட்டிப் போட்ட தாளம் அதைவிட எவ்வளவோ மேல்.

கடைசியில் வெளியே, ஒரு தொட்டியில் சுத்தமான பனியை நிரப்பி, அதன்மேல் மிட்டாய்ப் பதப் பாகைக் கோடு கோடாக ஊற்றினார்கள். சில நொடி பொறுத்து, குச்சியை ஓரத்தில் வைத்து உருட்ட வேண்டும். சீக்கிரம் எடுத்தால் ஒழுகும், தாமதித்தால் உடையும். பையன் பனியோடு சேர்த்துச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான். குச்சியில் பாதி சூடு, பாதி பனிக்கட்டி.

ஞாயிறு

நேற்று காய்ச்சியது முதலில் யாருடையது என்பதற்கு இன்று வந்தேன். ஐரோப்பியர்கள் இரும்புக் கொப்பரை கொண்டுவந்தார்கள். மரத்திலிருந்து இனிப்பு எடுக்கும் வித்தை இங்கிருந்த ஆதிக்குடிகளுடையது. மெர்சியே பாலத்தில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்தால் இறங்கும் இடமே கானவாகே, மோஹாக் மக்களின் ஊர். நிறுத்தக் குறிப் பலகையிலேயே அவர்கள் மொழி.

இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சோள ரொட்டியும் ஸ்டேக்கும். அக்காவின் அலுவலகத் தோழி சொல்லி அனுப்பிய சாலையோரக் கடையில் உட்கார்ந்தோம். சுவரில், வானளாவிய கட்டிடத்தின் இரும்புச் சட்டத்தில் நிற்கும் ஆட்களின் பழைய படம். நியூயார்க்கில் உயரத்தில் ஏறி இரும்பு வேலை செய்ததில் இந்த ஊர்க்காரர்கள் பேர்போனவர்கள்.

ரொட்டி என்றாலும் சுடுவதில்லை. வெள்ளைச் சோளத்தை விறகுச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, தோலை உரித்து, நன்றாக அலசி, மாவாக்கி, சிவப்பு ராஜ்மாவைக் கலந்து, வட்டமாகத் தட்டிக் கொதிநீரில் வேகவைக்கிறார்கள். சாம்பல் சும்மா அல்ல. சாம்பல் நீரின் காரத்தன்மை பட்டால்தான் சோளத்தில் அடைபட்டிருக்கும் பி3 வைட்டமின் உடம்பில் சேரும். சோளத்தை எடுத்துக்கொண்டு போன ஐரோப்பியர்கள் சாம்பலை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே பெலாக்ரா நோய் வந்தது.

தட்டில் கனமான சாம்பல் வெள்ளைத் துண்டு, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள், மேலே இறைச்சிச் சாறு. உப்பும் காரமும் இல்லாத அடக்கமான ருசி. சாற்றில் ஊற ஊறச் சோள மணம் எழுகிறது. இந்தப் பயணத்தில் யாரும் விளம்பரப்படுத்தாத சாப்பாடு இது ஒன்றுதான். நான் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கியதும் இங்கேதான்.

"இது கனடா உணவா?" என்று பையனைக் கேட்டேன். யோசித்தான். "அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றான். பரிமாறிய அம்மாள் அடுத்த மேசைக்குப் போய்விட்டிருந்தார்.

மாலை அக்கா வீட்டில் பூடிங் ஷோமர், அதாவது வேலையில்லாதவனின் புட்டிங், செய்தாள். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் கியூபெக்கின் ஆலைத் தொழிலாளர் பெண்கள் உருவாக்கியது என்பார்கள். மைதா மாவுக் கலவையைத் தட்டில் பரப்பி, அதன்மேல் கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றி அடுப்பில் வைத்தால், கேக் மேலே எழும்பி, பாகு அடியில் போய்த் தேங்கிவிடும். அன்று மலிவான பழுப்புச் சர்க்கரை. இன்று உணவகங்களில் மேப்பிள் பாகும் கிரீமும் ஊற்றி நல்ல விலைக்கு விற்கிறார்கள். வேலையில்லாதவன் பெயரிலேயே உள்ள இனிப்பை வேலையில்லாதவன் வாங்க முடியாது. அக்கா பழுப்புச் சர்க்கரையில்தான் செய்தாள்.

திங்கள்

காலையில் ஜான் டாலோன் சந்தை, 1933இலிருந்து நடப்பது. குளிர்காலத் தடுப்புகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. உள்ளே ஆப்பிளும் கிழங்கும் பாகு டின்களும். ஓகா சீஸ் ஒரு துண்டு வாங்கினேன். 1893இல் ஓகா மடத்துத் துறவிகள் தொடங்கி வைத்தது. மணம் துறவிகளுக்குரியதல்ல.

மதியம் ஷ்வார்ட்ஸ். ருமேனியாவிலிருந்து வந்த யூதரான ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928இல் செயிண்ட் லாரன்ட் சாலையில் திறந்தது. குளிரில் வரிசை நின்றோம். உள்ளே இடம் கொஞ்சம். யார் மேசையில் இடமிருக்கிறதோ அங்கே உட்கார வைத்துவிடுகிறார்கள். மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியை மசாலாவில் சுமார் பத்து நாள் ஊறவைத்து, புகையிட்டு, ஆவியில் வேகவைத்து, கேட்ட பிறகு கையால் வெட்டுகிறார்கள். கொழுப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று கேட்பார்கள். நடுத்தரம் சொல்லுங்கள். குறைவு என்று சொன்னவரின் சாண்ட்விச் வறண்டு கிடந்ததை எதிரிலேயே பார்த்தேன். ரை ரொட்டி இரண்டு துண்டுக்கு நடுவே உள்ளங்கை உயரம் இறைச்சி, மஞ்சள் கடுகு, பக்கத்தில் முழு வெள்ளரி ஊறுகாய், கருஞ்செர்ரி சோடா. மிளகும் கொத்தமல்லி விதையும் கறுத்த ஓரத்தில் நறுக்கென்று கடிபட்டன. வாரம் முழுக்கத் தேடிய காரம் அங்கே கிடைத்தது.

எதிரில் இருந்தவர் நியூயார்க்காரர். "இது எங்கள் பஸ்ட்ராமியின் தம்பி" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்மணி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அங்கே சர்க்கரை அதிகம், இங்கே மிளகு அதிகம்; அங்கே இயந்திர வெட்டு, இங்கே கைவெட்டு என்று பிரெஞ்சு வாடையுள்ள ஆங்கிலத்தில் வரிசையாக அடுக்கினார். 2012இல் இந்தக் கடையை வாங்கியவர்களில் பாடகி செலின் டியோன் தம்பதியும் உண்டு என்ற தகவலை ஓர் ஆயுதமாகவே எறிந்தார். நியூயார்க்காரர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை மட்டும் வழித்துவிட்டார்.

கணக்குச் சீட்டில் மத்திய வரி 5, மாகாண வரி 9.975 சதவீதம்; அதன்மேல் டிப்ஸ் குறைந்தது 15. பட்டியல் விலையை நம்பிக் கடைக்குள் நுழையாதீர்கள். மேப்பிள் பாகை 540 மில்லி டின்னில் வாங்குங்கள், கண்ணாடிப் புட்டிகள் சுற்றுலாக்காரர்களுக்கானவை. விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். எள்ளுப் பேகலை அன்றைக்கே வாங்கி, ஆறியபின் உறையவைத்து எடுத்துப்போனால் தாங்கும் என்கிறாள் அக்கா. கீச்சிடும் சீஸை மட்டும் முயற்சிக்க வேண்டாம்.